மதுரைப் பெண், விஜயவாடா மாப்பிள்ளை: பல மொழி உறவுகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிப்பது எப்படி?

பெண் வீடு மதுரை, மாப்பிள்ளை வீடு விஜயவாடா. இருவருக்கும் புனேயில் வேலை. அங்கே நண்பர்களில் இந்தி பேசுவோர் உண்டு, மற்ற மாநிலத்தவரும் உண்டு. கல்யாணம் மதுரையில். பத்திரிகையை ஒரே அட்டையில் எல்லா மொழியிலும் அடிப்பதா, தனித்தனியாக அடிப்பதா, தமிழில் எழுதியதை யாரிடம் கொடுத்துத் தெலுங்கில் மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பத்திரிகை கெடுவது பெரும்பாலும் அங்கேதான். தமிழ்ப் பத்திரிகையைத் தெலுங்கில் மாற்றவே வேண்டாம். உச்சியில் என்ன வர வேண்டும், யார் பெயர் முதலில், மணமக்களுக்கு என்ன அடைமொழி, கீழே யார் யார் அழைப்பது என்று ஒவ்வொரு மொழியிலும் கல்யாணப் பத்திரிகைக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு முறை இருக்கிறது. தமிழ் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றிக் கொடுத்தால் எழுத்து தெலுங்காக இருக்கும், பத்திரிகை தெலுங்காக இருக்காது. விஜயவாடாவில் இருக்கும் பாட்டி அதைக் கையில் வாங்கியதுமே கண்டுபிடித்துவிடுவார். நாள், நேரம், இடம், பெயர்கள் ஆகியவை மட்டும் அடங்கிய ஒரு விவரத் தாளை இரு வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வாசகத்தை அந்தந்த மொழிக்காரர் அவர்கள் வழக்கப்படி தனியாக எழுதட்டும். நீங்கள் ஒத்துப்பார்க்க வேண்டியது விவரங்களை மட்டுமே.

அடுத்தது எத்தனை மொழி என்பது. விருந்தினர் பட்டியலில் 'மொழி' என்று ஒரு கட்டம் போடுங்கள். அதில் அவர்கள் வீட்டில் பேசும் மொழியை எழுதாமல், தடையின்றி வாசிக்கும் மொழியை எழுதுங்கள். இந்த வேறுபாடு தமிழ்நாட்டில் மிக முக்கியம். மதுரை, விருதுநகர், கோயம்புத்தூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் படித்தது தமிழில், தெலுங்கு எழுத்து தெரியாது. மதுரைச் சௌராஷ்டிரர்களும் அப்படியே, பேச்சு சௌராஷ்டிரம், படிப்பு தமிழ். மறுபக்கம், மும்பையில் பிறந்து வளர்ந்த உங்கள் சித்தப்பா பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், தமிழ்ப் பத்திரிகை கொடுத்தால் படம் மட்டும் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஆங்கிலத் தாளும் கூடவே ஒரு தமிழ்த் தாளும் வையுங்கள். தாத்தா பாட்டி பெயரைத் தமிழில் அச்சாகப் பார்ப்பதில் அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு நிறைவு உண்டு. இப்படிக் கணக்கெடுத்தால் பல குடும்பங்களில் ஐந்து மொழி என்று பயந்தது மூன்றாகக் குறைந்துவிடும். ஒரு மொழியில் வாசிப்பவர்கள் பத்து வீட்டுக்கும் குறைவு என்றால் அதற்கு அச்சு வேண்டாம்; வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு படமும் ஒரு தொலைபேசி அழைப்பும் போதும்.

அமைப்பில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, விரிக்கும் அட்டையில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் தெலுங்கு. இரண்டு மொழிக்கு இது அழகு; இரு வீட்டாரும் எதிரெதிரே நின்று அழைப்பதுபோல இருக்கும். மூன்றாவது மொழி வந்ததும் எழுத்து சிறுத்து, அறுபது வயதுக்காரர் படிக்க முடியாமல் போகும். இரண்டாவது வழி, மொழிக்கு ஒரு முழுப் பத்திரிகை, செலவு கூடும். மூன்றாவதைத்தான் உங்களுக்குச் சொல்வேன்: எல்லோருக்கும் ஒரே மேலட்டை, ஒரே உறை, உள்ளே மொழிக்கொரு உள்தாள். மேலட்டையில் வாசகமே வேண்டாம். விநாயகர் அல்லது மாவிலைத் தோரணம், மணமக்களின் பெயர், தேதி, அவ்வளவுதான். பெயரை ஃபாயிலில் (தங்க நிற மென்தகடு பதிக்கும் அச்சு) போடுவதானால் ஒரு எழுத்துருவில் மட்டும் போடுங்கள். ஃபாயில் அச்சுக்கட்டை ஒன்றோடு வேலை முடியும்.

எண்ணிக்கையைத் தலைக்கணக்கில் போடாமல் வீட்டுக்கணக்கில் போடுங்கள். 600 வீடு என்றால், தமிழ் 300, தெலுங்கு 220, ஆங்கிலம் 50, இந்தி 30 என்று வைத்துக்கொள்வோம். உதிரிக்கு முறையே 30, 25, 15, 10 சேர்த்தால் மேலட்டையும் உறையும் 680. சிறிய மொழிக்கு உதிரி விகிதம் கூடுதலாக இருப்பது வேண்டுமென்றேதான்: தமிழ்த் தாள் தீர்ந்தால் பக்கத்து அச்சகத்தில் மறுநாளே ஓட்டலாம், இந்தித் தாள் தீர்ந்தால் பத்துத் தாளுக்காக மறுபடி யாரும் வேலை எடுக்கமாட்டார்கள். தமிழும் தெலுங்கும் ஆஃப்செட்டில் (பிளேட் செய்து மொத்தமாக ஓட்டும் அச்சு) ஓடட்டும். 50, 30 தாள்களுக்குப் பிளேட் போடுவது வீண். டிஜிட்டல் அச்சு போதும். தாள் எல்லாவற்றுக்கும் ஒன்றே என்று முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டிஜிட்டல் தாள் வெள்ளையாகவும் ஆஃப்செட் தாள் மஞ்சள் சாயலாகவும் வந்து, ஒரே குடும்பத்தின் பத்திரிகை இரண்டு கடையில் வாங்கியதுபோல இருக்கும். தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்ற அளவில் சொல்வார்கள்; மேலட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம், உள்தாளுக்கு 120 முதல் 170 ஜிஎஸ்எம் சரியாக இருக்கும்.

இனி விவரத் தாள். கிழமை, ஆங்கிலத் தேதி, முகூர்த்த நேரம், முந்தின நாள் நிகழ்ச்சி, வரவேற்பு, மண்டபத்தின் பெயரும் முகவரியும், சாப்பாட்டு நேரம், இரு வீட்டிலும் தொடர்புக்கு ஒவ்வொரு எண், அச்சில் வரப்போகும் அத்தனை பெயர்களும் அவற்றின் வரிசையும் இதில் இருக்க வேண்டும். பெயர்களுக்கு நான்கு கட்டம் போடுங்கள்: தமிழ், தெலுங்கு, தேவநாகரி, ஆங்கிலம். இந்தத் தாளில் இரு வீட்டுப் பெரியவர்களும் கையெழுத்திட்ட பிறகே டிடிபிக்கு, அதாவது கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைக்கும் வேலைக்கு, போங்கள். அதன்பின் மாற்றம் வந்தால் முதலில் இந்தத் தாளில் மாற்றி, பிறகு எல்லா மொழியிலும் மாற்ற வேண்டும். தெலுங்கில் நேரத்தைத் திருத்திவிட்டுத் தமிழை மறந்தால் கல்யாணத்தன்று பாதி உறவினர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து நிற்பார்கள்.

தேதிக்கு வருவோம். மொழி மாறும்போது அதிகம் இடறுவது இங்கேதான், ஏனென்றால் பஞ்சாங்கமே மாறுகிறது. எடுத்துக்காட்டுக்கு 2026 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ப் பஞ்சாங்கப்படி அது விசுவாவசு வருடம், பங்குனி 22. தமிழ் வருடம் சூரியக் கணக்கு. பராபவ வருடம் பிறப்பது ஏப்ரல் 14-இல். தெலுங்கு வருடம் உகாதியன்று பிறக்கும், அந்த ஆண்டு உகாதி மார்ச் 19. ஆகவே அதே ஞாயிறு தெலுங்குப் பத்திரிகையில் பராபவ நாம சம்வத்சரம், சைத்ர மாதம், பகுள பட்சம் (தேய்பிறை) என்று வரும். இந்தியில் விக்கிரம சம்வத் 2083, வைசாக மாதம், கிருஷ்ண பட்சம். தெலுங்கிலும் கன்னடத்திலும் மாதம் அமாவாசையோடு முடிகிறது, வடக்கே பௌர்ணமியோடு முடிகிறது. அதனால் தேய்பிறை நாட்களில் இரண்டுக்கும் மாதப் பெயர் ஒன்று தள்ளியே நிற்கும். மலையாளத்தில் எழுதினால் கொல்லம் ஆண்டு 1201, மீன மாதம். ஒரே நாளுக்கு நான்கு பெயர், நான்கும் சரி. தமிழ் வாசகத்திலிருந்து வருடப் பெயரையும் மாதத்தையும் அப்படியே தெலுங்கில் ஏற்றினால் அது தவறு. உகாதிக்கும் சித்திரை 1-க்கும் இடைப்பட்ட நாட்களில் வருடப் பெயரே தவறாகிவிடும். மற்ற நாட்களில் மாதப் பெயர் தவறும். ஆவணியும் சிராவணமும் ஒன்றென்று எண்ணி எழுதுவது அடிக்கடி நடக்கிறது. சிராவணத்தின் முற்பகுதி பெரும்பாலும் தமிழ் ஆடியில் விழும்.

நாள் குறிக்கும்போதே இதைக் கவனித்தால் இன்னும் நல்லது. 2026-இல் மே 17 முதல் ஜூன் 15 வரை தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அதிக ஜேஷ்ட மாதம், அதாவது கூடுதலாக வரும் சந்திர மாதம். பெரும்பாலான தெலுங்குக் குடும்பங்கள் அதிக மாதத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். தமிழுக்கு அது நல்ல வைகாசி. பத்திரிகை வாசகம் எழுத உட்காரும்போது இது தெரியவந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பஞ்சாங்க வரியை அந்தந்த வீட்டுப் புரோகிதரிடமே எழுதி வாங்குங்கள். அப்படி யாரும் கிடைக்காத மொழியில் அந்த வரியை விட்டுவிட்டுக் கிழமையும் ஆங்கிலத் தேதியும் மட்டும் போடுவதில் குறை ஒன்றுமில்லை. ஆங்கிலத் தேதி எல்லா மொழியிலும் கட்டாயம், மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 05.04.2026 என்று மட்டும் போட்டால் அமெரிக்காவில் இருக்கும் நண்பர் அதை மே 4 என்று வாசிப்பார்.

முகூர்த்த நேரத்திலும் இரண்டு வழக்குகள் மோதும். தமிழ்ப் பத்திரிகையில் 'காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்' என்று ஒன்றரை மணி நேர இடைவெளி கொடுப்போம். அதற்குள் தாலி ஏற வேண்டும். தெலுங்குப் பத்திரிகையில் சுமுகூர்த்தம் 9.42 என்று நிமிடத்தோடு வரும். அந்த நிமிடத்தில் நடப்பது ஜீலகர்ர-பெல்லம்: சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்ததை மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் வைப்பது. மாங்கல்யதாரணம் அதற்குப் பிறகு. ஆகவே இரு புரோகிதர்களும் பேசி, அந்த நிமிடமும் அதன்பின் வரும் தாலிகட்டும் தமிழ் இடைவெளிக்குள் அடங்கும்படி வைக்க வேண்டும். பத்திரிகையில் இரண்டும் அவரவர் முறையில் இருக்கலாம், முரணாமல் இருந்தால் போதும்.

தெலுங்குக் கல்யாணங்களில் நள்ளிரவு தாண்டிய முகூர்த்தமும் சகஜம். அப்போது 'சனிக்கிழமை இரவு, விடிந்தால் ஞாயிறு' என்ற பொருளில் அவர்கள் ஒரு தொடர் போடுவார்கள். அவர்களுக்கு அது தெளிவு. தமிழில் அதை 'ஏப்ரல் 4 சனிக்கிழமை இரவு, அதாவது ஏப்ரல் 5 ஞாயிறு அதிகாலை 2.14' என்று உடைத்து எழுதுங்கள். 'ஞாயிறு 2.14' என்று மட்டும் இருந்தால் பாதிப் பேர் ஞாயிறு மதியம் வந்து சேருவார்கள்.

வாசகத்தில் மாற்றாமல் விட வேண்டியவையும், அவரவர் முறைப்படி புதிதாக எழுத வேண்டியவையும் உண்டு. தமிழில் உச்சியில் பிள்ளையார் சுழி, குலதெய்வம் துணை. தெலுங்கில் 'ஸ்ரீரஸ்து, சுபமஸ்து, அவிக்னமஸ்து' என்ற மூன்று சொற்கள் வழக்கம். தமிழ் மணமகளுக்குத் திருவளர்ச்செல்வி, திருநிறைச்செல்வி, சௌபாக்கியவதி என்று வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். பின்னால் கல்யாணத்துக்குத் தம்பி தங்கை இருந்தால் 'திருவளர்', கடைசிக் கல்யாணம் என்றால் 'திருநிறை' என்று பார்க்கும் குடும்பங்கள் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். தெலுங்கில் மணமகனுக்குச் 'சி.', மணமகளுக்குச் 'சி.ல.சௌ.' (சிரஞ்சீவி லட்சுமி சௌபாக்கியவதி). 'திருவளர்ச்செல்வி'க்கு நேர்ச்சொல் தேடித் தெலுங்கில் ஒன்றை உருவாக்கினால் அங்கே யாருக்கும் புரியாது. இந்தியில் மணமகனுக்கு 'சி.', மணமகளுக்கு 'ஆயுஷ்மதி' அல்லது 'சௌ. காம்.' (சௌபாக்கியகாங்க்ஷிணி) போடுவார்கள். அதில் 'சௌ.' என்பதை மட்டும் தனியாகப் போட்டால் ஏற்கெனவே மணமானவர் என்று பொருள்படும், கவனம்.

உறவுமுறைகளை ஆங்கிலத்தின் வழியாகக் கொண்டுபோகாதீர்கள். நாம் மகன் வழிப் பேத்தி, மகள் வழிப் பேத்தி என்று பிரிப்பதைத் தெலுங்கும் இந்தியும் பௌத்ரி, தௌஹித்ரி என்று அழகாகவே பிரிக்கின்றன. இடையில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தால் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும், எந்தத் தாத்தா எந்தப் பக்கம் என்பது தொலையும். தாய்மாமன் பெயர் இன்னும் நுட்பமானது. மதுரைப் பக்கம் தாய்மாமனுக்குப் பத்திரிகையில் தனி இடம். தெலுங்கில் அவர் மேனமாமா, இந்தியில் மாமா. ஆங்கிலத் தாளில் 'அங்கிள்' என்று பொதுவாகப் போடாமல் தாய் வழி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இடம் இல்லையென்றால் ஆங்கிலத் தாளில் அவர் பெயரையே விட்டுவிடலாம், தமிழ்த் தாளில் விடவே கூடாது. தமிழ்ப் பட்டியலில் இருபது பெயர்கள் இருக்கின்றன என்பதற்காக ஆங்கிலத்திலும் இருபது வேண்டியதில்லை; புனே நண்பருக்கு மணமக்களும் பெற்றோரும் தெரிந்தால் போதும்.

நிகழ்ச்சிப் பெயர்களையும் மொழிபெயர்க்க வேண்டாம். 'மாப்பிள்ளை அழைப்பு' என்பதைத் தெலுங்குத் தாளில் சொல்லாகப் பெயர்த்தால் மாப்பிள்ளையை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நிற்கும். அவர்களிடம் அதற்கு நெருக்கமான 'எதுருகோலு' இருக்கிறது, அதையே போடுங்கள். இந்தி, ஆங்கிலத் தாள்களில் பெயரை ஒலிபெயர்த்து, எத்தனை மணிக்கு, என்ன நடக்கும், விருந்தினர் வர வேண்டியதா என்று ஒரு வரி சேருங்கள். முன்பின் தெரியாத ஊருக்கு வருகிறவருக்கு அந்த ஒரு வரிதான் உண்மையான அழைப்பு.

பெயர்களை எழுதுவதில் எந்திரத்தை நம்பாதீர்கள். தமிழில் க ஒன்றுதான். தெலுங்கிலும் தேவநாகரியிலும் நான்கு. 'கீதா'வின் முதல் எழுத்து அந்த வரிசையில் மூன்றாவது, 'தீபா'வுக்கும் த வரிசையில் மூன்றாவது, 'பாரதி'க்கு ப வரிசையில் நான்காவது. தமிழிலிருந்து தானாக ஒலிபெயர்க்கும் கருவி எல்லாவற்றுக்கும் முதலாவதைப் போட்டுவிடும், அதைப் பார்த்துத் தெலுங்கு வீட்டார் மருமகள் பெயரையே தவறாகப் பழகிக்கொள்வார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து மாற்றினால் வேறு குழப்பம்: நாம் த ஒலிக்கு 'எச்' சேர்த்து எழுதுவதை வடக்கே மூச்சொலி என்று வாசிப்பார்கள். 'யாழினி' போன்ற பெயரில் ழ மலையாளத்தில் அப்படியே கிடைக்கும். தெலுங்கிலும் கன்னடத்திலும் இன்று ள போடுவதே வழக்கம். இந்திப் பத்திரிகைகள் ஆங்கிலத்தைப் பார்த்து ச வரிசையின் நான்காம் எழுத்தைப் போடுகின்றன, ஒலி வெகுதூரம் போய்விடுகிறது. புனேயில் வாசிப்பவர்களுக்கு மராத்தியின் ள பழக்கமானது, அதையே போடுங்கள்.

தலைப்பெழுத்திலும் கவனம் வேண்டும். தமிழில் 'மு.' என்று எழுதுவதைத் தெலுங்கில் 'எம்.' என்ற ஆங்கில ஒலியில்தான் எழுதுவார்கள். தெலுங்குப் பெயரில் முன்னால் நிற்பது இன்ட்டி பேரு, அதாவது குடும்பப் பெயர். அதைத் தமிழ்த் தாளில் தகப்பனார் பெயராகவோ மணமகன் பெயராகவோ கொண்டுவிடக் கூடாது. இந்தித் தாளில் தலைப்பெழுத்து வேண்டாம், முழுப் பெயர் போடுங்கள். ஆங்கிலத் தாளில் மணமக்கள், பெற்றோர் பெயர்கள் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே இருக்கட்டும். தமிழ்நாட்டில் திருமணப் பதிவுக்குப் பத்திரிகையையும் இணைக்கக் கேட்பார்கள். அப்போது ஓர் எழுத்து மாறினாலும் அலைச்சல்.

அச்சுக்கு முந்தைய வேலையில் முதல் எதிரி பழைய எழுத்துரு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல அச்சகங்களில் இன்னும் பாமினி போன்றவை ஓடுகின்றன. தெலுங்கில் அனு, இந்தியில் க்ருதி தேவ், கன்னடத்தில் நுடி. இவையெல்லாம் ஆங்கில எழுத்தின் இடத்தில் நம் எழுத்தின் உருவத்தை வைத்தவை. விஜயவாடாவில் தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத மதுரைக் கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். அங்கிருந்து இரண்டு கோப்புகள் கேளுங்கள்: யூனிகோடில் வெறும் வாசகம் ஒன்று, எழுத்துகளைக் கோட்டுருவாக (அவுட்லைன், அதாவது எழுத்துரு தேவைப்படாத வடிவம்) மாற்றிய பிடிஎஃப் ஒன்று. பிடிஎஃப் அச்சுக்கு, யூனிகோடு ஒத்துப்பார்க்கவும் வாட்ஸ்அப்புக்கும். பிடிஎஃபிலிருந்து வாசகத்தை நகலெடுத்து ஒட்ட விடாதீர்கள். கொம்பும் காலும் இடம் மாறிவிடும்.

யூனிகோடிலேயே செய்தாலும் மென்பொருள் அமைப்பு சரியில்லையென்றால் எழுத்து உடையும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் 'டைப்' விருப்பங்களில் 'வேர்ல்டு-ரெடி' அல்லது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்பதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இன்டிசைனில் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்'. இல்லாவிட்டால் தமிழில் 'கெ'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இந்தியில் இகரக் குறி இடம் மாறும். தெலுங்கில் எழுத்துக்கு அடியில் தொங்க வேண்டிய ஒத்து (கூட்டெழுத்தின் இரண்டாம் மெய்) பக்கத்தில் வந்து உட்காரும். எங்காவது புள்ளிகளால் ஆன வட்டம் தெரிந்தால் உடைந்திருக்கிறது என்று பொருள். உங்களுக்குத் தெலுங்கு தெரியாவிட்டாலும் இந்த வட்டத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

தமிழுக்கே உரிய இரண்டு சிக்கல்கள். 'சௌபாக்கியவதி'யின் முதலெழுத்தைச் 'செ'யோடு 'ள' சேர்த்துத் தட்டுவது மிகப் பரவலான தவறு. சில எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியாது, எழுத்துரு மாறியதும் பல்லிளிக்கும். 'ஸ்ரீ' என்பதற்கு யூனிகோடில் இரண்டு விதமான கோவை புழக்கத்தில் இருக்கிறது. எழுத்துருவுக்கு ஒன்று மட்டும் தெரிந்தால் மற்றது துண்டு துண்டாக வரும். அப்படி வந்தால் மற்ற விதத்தில் தட்டிப் பாருங்கள்.

எழுத்துக்களுக்கு இடையே இடைவெளி விட்டு விரிப்பது ஆங்கிலத்துக்கு அழகு. நம் மொழிகளுக்கு ஆகாது. இந்தியில் தலைக்கோடு அறுந்துவிடும், தமிழில் கால் தனியே நிற்கும். வரி இடைவெளியும் மொழிக்கு மொழி வேறு: தமிழ் 12 பாயின்ட் என்றால் 18 போதும், தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் 20 கொடுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் ஒத்து கீழ்வரி எழுத்துகளின் தலைக்குறியில் இடிக்கும். எல்லாத் தாளும் ஒரே குடும்பமாகத் தெரிய, பல மொழிக்கும் சேர்த்து வரைந்த எழுத்துருக்களை எடுங்கள். நோட்டோ செரிஃப், அனெக், பலூ ஆகியவை தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், தேவநாகரி அனைத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. டிரோ என்ற எழுத்துரு தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்திக்கு உண்டு. பழைய அச்சுப் புத்தகத்தின் களை இருக்கும், கல்யாணப் பத்திரிகைக்கு அது மிகவும் பொருந்தும். பலூ குண்டெழுத்து, தலைப்புக்கு மட்டும் வையுங்கள். ஃபாயிலில் மெல்லிய கோடுள்ள எழுத்து வேண்டாம். தெலுங்கின் சின்னச் சுழிகளும் மலையாளத்தின் வளைவுகளும் தங்கத்தால் அடைத்துக்கொள்ளும்.

தாள் தேர்வில் மஞ்சளை மறக்கக் கூடாது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது இரு வீட்டுக்கும் வழக்கம். பளபளப்பு லேமினேஷன் செய்த தாளில் மஞ்சள் ஒட்டாது, வழுக்கி உதிர்ந்து உறைக்குள் கொட்டும். உள்தாளாவது லேமினேஷன் இல்லாததாக இருக்கட்டும். அச்சு மை நன்றாகக் காய்ந்த பிறகே மஞ்சள் தொடுங்கள், ஈர மஞ்சள் மையை இழுத்துவிடும்.

புரூஃப் (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் பிரதி) பார்க்கக் கைபேசித் திரை போதாது. உண்மையான அளவில் தாளில் எடுத்துப் பாருங்கள். மொழிக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர் விவரத் தாளில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். மனத்துக்குள் வாசித்தால் கண் தானாகத் திருத்திக்கொண்டு போய்விடும். அந்த இருவரில் ஒருவர் குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும். அத்தையின் பெயரில் நெடில் உண்டா இல்லையா என்பது வெளியாருக்குத் தெரியாது. நாள், நேரம், தொலைபேசி எண் மூன்றையும் எல்லா மொழித் தாளையும் வரிசையாக அடுக்கி ஒருமுறை தனியாக ஒத்துப்பாருங்கள். எண்களை எல்லா மொழியிலும் 1, 2, 3 என்றே போட்டால் மொழி தெரியாதவரும் இந்த வேலையைச் செய்யலாம். கோட்டுருவாக மாற்றிய பிறகு வரும் கடைசிப் பிரதியையும் ஒருமுறை பாருங்கள். மாற்றும் நேரத்தில் எழுத்து உதிர்வது உண்டு.

கால அளவு: கல்யாணத்துக்குப் பத்து வாரம் முன்பு விவரத் தாள் முடிய வேண்டும். வாசகம் எழுத ஒரு வாரம், டிடிபியும் இரண்டு சுற்றுப் புரூஃபும் சேர்ந்து பத்து நாள், அச்சுக்குப் பத்து நாள். ஆறு வாரம் இருக்கும்போது பத்திரிகை கையில் இருந்தால் நிதானமாக வைக்கலாம். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு என்பதால் இரு வீட்டாரும் நல்ல நாள் பார்த்து வைத்திருப்பார்கள். எல்லாம் மதுரையில் அச்சாகிறது என்றால் விஜயவாடாவுக்கான கட்டு அந்த நாளுக்கு முன் போய்ச் சேருமா என்று முன்பே கணக்குப் போடுங்கள்.

வாட்ஸ்அப்புக்கு மொழிக்கொரு கோப்பு, கோப்பின் பெயரிலேயே மொழி. எல்லா மொழியையும் ஒரே பிடிஎஃபில் சேர்த்தால் தன் பக்கம் வருமுன் பலர் மூடிவிடுவார்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை அமுக்கிவிடும், சிறிய எழுத்து மங்கும். 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள். கூடவே நாள், நேரம், இடம், வரைபட இணைப்பு ஆகியவற்றை யூனிகோடில் தட்டிய செய்தியாக அனுப்பினால், கடைசி நேரத்தில் தேடுகிறவர்களுக்குச் சட்டென்று கிடைக்கும். நேரலை உண்டென்றால் வெளிநாட்டவருக்கு அவர்கள் ஊர் நேரத்தையும் எழுதுங்கள்.

உறையின் மேல் முகவரியை ஆங்கிலத்திலோ போய்ச் சேரும் மாநிலத்தின் மொழியிலோ எழுதுங்கள், ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டோடு. தமிழில் எழுதிய உறை விஜயவாடாத் தபால்காரருக்கு உதவாது. வெளிமாநிலத்தார் உறைக்குள் ஒரு சின்னச் சீட்டு கூடுதலாக வையுங்கள்: ஒரு பக்கம் அவர்கள் மொழியில், எங்கே இறங்க வேண்டும் (மதுரைச் சந்திப்பா, மாட்டுத்தாவணியா, ஆரப்பாளையமா), தங்குமிடம் எங்கே, அவர்கள் மொழி பேசும் ஒருவரின் எண், வருவதைத் தெரிவிக்க வேண்டிய கடைசித் தேதி. மறுபக்கம் மண்டபத்தின் பெயரும் தெருவும் பெரிய தமிழ் எழுத்தில், கூடவே வரைபடத்துக்கான கியூஆர் குறி. அந்தத் தமிழ்ப் பக்கம் விருந்தினர் படிப்பதற்கு இல்லை. விடிகாலையில் வந்து இறங்குகிறவர் ஆட்டோக்காரரிடம் நீட்டுவதற்கு.